கொட்டி முதலில் உதிர்ப்பது

எங்கள் ஊரில் கோடை என்பது மனிதர்கள் உறங்கும் பருவம். பங்குனி பிறந்து கண்மாயின் அடிச்சேறு வெடிக்கத் தொடங்கியதும் கொட்டி என்ற நீர்ச்செடியின் கிழங்கை ஆளுக்கு ஒரு கிண்ணம் தருவார்கள். அவித்து, கருந்தோலை உரித்து, உப்புப் போட்டது. தின்றவர்கள் பொழுது சாய்வதற்குள் உறங்கிப்போவார்கள். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி, கொட்டி மறுபடி இலைவிடும்போது அவர்களை எழுப்புவோம். இடையில் அவர்களுக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஈரத்துணியால் உதட்டைத் துடைத்து, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தால் போதும்.

இது எங்கள் கண்மாயில் காலம்காலமாகக் கிடந்த கொட்டி அல்ல. அதைத் தின்றால் வயிறு நிறையும், அவ்வளவுதான். இது ஆய்வுக்கூடத்தில் மாற்றிய ரகம். நீர் வற்றும்போது சேற்றுக்குள் சுருண்டு உறங்கும் கிழங்கின் குணத்தை, தின்பவனுக்கும் தொற்றும்படி செய்திருக்கிறார்கள். முன்பெல்லாம் கோடையில் ஊரைவிட்டுப் போனார்கள். போன இடங்களிலும் தண்ணீர் இல்லை என்று ஆன பிறகுதான் இந்த ஏற்பாடு வந்தது. அதைக் குறை சொல்லும் அறிவு எனக்கு உண்டா என்று இப்போதும் தெரியவில்லை.

நான் பூமயில். உறக்கச்சாலையில் பணிப்பெண். எங்களைப் போன்ற சிலருக்கு மட்டும் கிழங்கு கிடையாது. உறங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ள யாராவது விழித்திருக்க வேண்டும் அல்லவா. அதற்காக நாள் ஒன்றுக்கு ஒரு குடம் தண்ணீர் எங்கள் பங்கு. நீலச் சீருடை தருவார்கள். அதைப் போட்ட நாள் முதல் தெருவில் எல்லோருக்கும் நான் சிஸ்டர். மாலையில் பஸ் ஏறிப்போய்க் கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். காலையில் அம்மா எழும்முன் கிளம்பி, இருட்டியபின் வீடு திரும்புவேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா இரண்டு கோடைகள் உறங்கி எழுந்துவிட்டாள். மூன்றாவது கோடைக்குக் கிழங்கு கொடுக்க இருந்த வாரத்தில்தான் இது நடந்தது.

அன்று வகுப்பில் கொட்டிக்கிழங்கை வெட்டிப் பார்த்தோம். விரிவுரையாளர் ஜெசிந்தா மேடம் ஒரு தட்டில் சேறு காயாத கிழங்குகளைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது உறங்கப்போற கிழங்கு. போன வாரம் வரைக்கும் இதுக்கு நீள இலை தண்ணி மேல மிதந்துச்சு. வெள்ளைக் கதிரா பூ நின்னுச்சு. தண்ணி வத்துனதும் எதை முதல்ல விட்டிருக்கும்?"

கடைசி வரிசையில் இருந்த மின்வாரிய லைன்மேன் அண்ணன் சொன்னார்: "வீட்டுல அரிசி இல்லைன்னா முதல்ல விருந்தாளியைத்தான் மேடம் கிளப்பி விடணும்."

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தார். "கிட்டத்தட்ட அதேதான். முதல்ல பூ. அப்புறம் இலை. செலவு அதிகம் பிடிக்கிறதை முதல்ல கழட்டி விட்டுரும். தண்ணிக்கு மேல நமக்குத் தெரிஞ்சதெல்லாம் போயிரும். சேத்துக்குள்ள கிழங்கு மட்டும் பத்திரமா இருக்கும். உசுரு போகல. ஆனா வெளியில நின்னு பாத்தா அங்க கொட்டி இருக்குன்னே தெரியாது."

எனக்கு வகுப்பில் கேள்வி கேட்டுப் பழக்கம் இல்லை. கேட்டால் முட்டாள்தனமாக இருக்குமோ என்று வாய்க்குள்ளேயே இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். "கொட்டி மழைக்குத் திரும்ப இலை விடுது மேடம். இதைத் தின்னு உறங்குற மனுசங்க எதை விடுவாங்க?"

மேடம் கத்தியைத் துணியில் துடைத்தார். "மனுசனுக்கு இலை எது, பூமயில்?"

எனக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லலாம். மூளைக்குக் கணக்குப் போடறது பெரிய செலவு இல்ல. முகம் பாக்கிறதுதான் செலவு. ஆயிரம் பேர் போற தெருவுல இவன் என் மகன்னு பிரிக்குது பாரு, அது. குரலும் அப்படித்தான். ஊர், பேர், நடந்த கதை எல்லாம் கிழங்கு மாதிரி உள்ள இருக்கும். முகம்தான் இலை மாதிரி வெளிய நிக்கிறது." பிறகு அவரே கையை விரித்தார். "இது என் ஊகம். நீங்கதான் எழுப்பும்போது சோதிச்சுப் பாக்கிறீங்களே. ஏதும் குறை இருந்தா தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும் மேடம்," என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

அந்தச் சோதனையைச் செய்பவள் ஜெயராக்கினி. உறக்கச்சாலையில் நர்ஸ், மாலை வகுப்பில் என் பக்கத்து இருக்கை. எழுந்தவரின் சொந்தக்காரரை எதிரே நிறுத்தி, "இவங்க யாரு?" என்று கேட்பாள். பதில் சரி என்றால் வீட்டுக்கு அனுப்புவாள். திரும்பும் பஸ்ஸில் அவளிடம், இதுவரை யாராவது தேறாமல் போனதுண்டா என்று கேட்டேன்.

"ஒருத்தர்கூட இல்ல. எழுந்து உக்காந்த உடனே, 'எங்க அண்ணன்', 'எங்க தம்பி', 'நம்ம பிள்ளை'ன்னு டக்குடக்குன்னு சொல்லிருவாங்க. சொல்லப்போனா உறங்கினதுக்கு அப்புறம் ஆளுங்க நல்லாத்தான் ஆகுறாங்க. எங்க மாமியாவையே எடுத்துக்க. கல்யாணம் ஆன நாள்லருந்து என்னைய 'இவளே'ன்னுதான் கூப்பிடும். காபியில சீனி கூடிருச்சுன்னு தெருவைக் கூட்டும். போன மழைக்கு எழுந்து வந்துச்சு பாரு, அன்னையிலிருந்து 'தாயி, தாயி'ங்குது. 'நீ சாப்பிட்டியா தாயி'ங்குது. எங்க வீட்டுக்காரர்கூட, அடுத்த வருசம் ரெண்டு கிண்ணம் கொடுங்கன்னு கேட்டாரு."

முன்சீட்டுப் பெண்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெற்ற மகளையும் தாயி என்பார்கள். வழி கேட்கும் புதுப்பெண்ணையும் தாயி என்பார்கள். அம்மா என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால் அதுமட்டுமா கூப்பிடுவாள்? பூமயிலு என்பாள். கழுதை என்பாள். விளக்கை அணைக்காமல் படுத்தால், ஒங்கப்பன் கரண்டு ஆபீசுல பங்குதாரனா என்பாள். கடைசியாக எப்போது திட்டினாள் என்று யோசித்துப் பார்த்தேன். போன மழைக்கு அவளை எழுப்பிக் கூட்டிவந்த பிறகு ஒருமுறைகூட இல்லை. நான் சம்பாதிப்பதால் மரியாதை கொடுக்கிறாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருந்தேன். சோற்றை எனக்கு முதலில் போடுகிறாள். தட்டைக் கழுவவிடுவதில்லை. சேலை மாற்றும்போது, நான் இருந்தால், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

நான் தேவையில்லாமல் கற்பனை செய்கிறேனோ என்றும் தோன்றியது. படித்த பாடத்தில் உள்ள நோயெல்லாம் தனக்கு இருப்பதாக நினைக்கும் மாணவர்கள் உண்டு. ஆகவே நேரடியாகக் கேட்கக் கூடாது, அவளுக்குத் தெரியாமல் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் அம்மா கேழ்வரகுக் களியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். சீருடையோடே உட்கார்ந்தேன். தண்ணீர் ஒரு வாய் குடித்துக்கொண்டேன்.

"அம்மா, பூமயில் எப்ப வரும்?"

அகப்பையைப் பிடித்த கை அப்படியே நின்றது. அம்மாவின் முகம் மலர்ந்தது. போன மழைக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எங்க மகளை ஒனக்குத் தெரியுமா தாயி?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஒன்னைய மாதிரிதான், ஆபீசுலதான் வேலை. வெளியூர் அனுப்பிட்டாக போல. நான் எழுந்து வந்தப்ப அது இல்ல. ஒன்னையத்தான் தொணைக்கு விட்டிருந்தாக. எங்கேன்னு கேட்டா, கேட்கக் கூடாததைக் கேட்டோம்னு ஆயிருமோன்னு நானும் கேட்கல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நல்லா இருக்கா அது? இளைச்சிருக்கா?"

"நல்லா இருக்கும்மா."

அந்த 'அம்மா'வும் பயன்படவில்லை. காய்க்காரியையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம்.

எழுந்துபோய்ச் சுவரில் இருந்த படத்தின் அருகில் நின்றேன். பள்ளிக்கூடம் முடித்தபோது எடுத்த படம். கன்னத்துக்குப் பக்கத்தில் படம் இருக்கும்படி நின்று, "இது யாரும்மா?" என்றேன்.

"அதுதான் எங்க மக. அந்த ஆணியில எங்க மக படத்தைத்தான் நான் மாட்டியிருந்தேன்." முகத்தை வைத்து அல்ல, ஆணியை வைத்துத்தான் சொன்னாள். அவள் கண் படத்தில் இருந்து என் முகத்துக்கு வந்தது, மறுபடி படத்துக்குப் போனது. எங்கும் தடுக்கி நிற்கவில்லை. "களி ஆறுது, வந்து சாப்பிடு தாயி," என்றாள்.

மறுநாள் கண்காணிப்பாளர் தவசியாண்டியிடம் போனேன். கெட்டவர் அல்ல. உறங்குகிறவர்களின் கால்மாட்டில் எறும்பு வந்தால்கூடத் தானே குனிந்து துடைப்பவர். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். ஆனாலும் உளறினேன்.

"சோதனையில தேறாதவங்க யாருமே இல்லையேம்மா," என்றார்.

"'இவங்க யாரு'ன்னு கேட்கிறோம் சார். 'எங்க அண்ணன்'ங்கிறாங்க. நம்ம ஊர்ல யாரைத்தான் அண்ணன்னு சொல்லமாட்டாங்க? எதிர்ல பால்காரரை நிறுத்தியிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாங்க. எங்க அம்மாவும் என்னைப் பாத்து 'நம்ம பிள்ளை'ன்னுதான் சொன்னாங்க. வயசைப் பாத்து முறை சொல்றாங்க சார். ஆளைப் பாத்து இல்ல."

அவர் பேனாவை மூடினார். திறந்தார்.

"பேரைக் கேட்டா தெரிஞ்சிரும் சார்," என்றேன்.

"எங்க வீட்டுல என் பேரைச் சொல்லமாட்டா. கல்யாணம் ஆனதிலிருந்து 'ஏங்க'தான். இப்பவும் 'ஏங்க'ன்னுதான் கூப்பிடுறா." பேனாவை மேசையில் வைத்தார். "பஸ்ஸுல தள்ளி உக்காரச் சொல்றதுன்னாலும் ஏங்கன்னுதான் சொல்லுவாங்க, இல்ல?"

அவருடைய மனைவியும் இரண்டு கோடை உறங்கியவர்.

"சரி. கிழங்கை நிறுத்துறேன்னே வச்சுக்க. ஊரே முழிச்சிருக்கும். தண்ணி? எல்லாரும் ஒருத்தரையொருத்தர் நல்லா அடையாளம் தெரிஞ்சு, பக்கத்துல பக்கத்துல கிடந்து சாகட்டுமா?"

"எங்க அம்மாவுக்கு மட்டுமாவது வேணாம் சார்," என்றேன்.

"ஒங்க அம்மாவை வேணா விட்டுடறேன். ஒன் குடத்துலயே ரெண்டு பேரும் இருந்துக்கணும். வெயில் ஏறுனா அது பத்தாது, தெரிஞ்சுதான் கேட்கிறியா?"

"தெரியும் சார். இன்னொரு தடவை உறங்குனா, முகத்துக்கு அடுத்து எது போகும்னுதான் தெரியல."

அவர் அன்று மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜெயராக்கினியிடமும் சொன்னேன். "தெரிஞ்சு என்ன பண்ண, பூமயிலு? நான் இன்னாருன்னு ஞாபகம் வந்துட்டா மறுபடி 'இவளே'ங்கும். அது பாட்டுக்கு நல்லா இருக்கு. விடு," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "எங்க வீட்டுக்காரரையும் அது 'தம்பி'ங்குது. ஆசையா சொல்லுதுன்னுல்ல நினைச்சேன். அவருகிட்ட இதைச் சொல்லிராத."

வீட்டில் அம்மாவிடம், இந்த வருடம் உனக்குக் கிழங்கு வேண்டாம், என் குடத்தில் இருவரும் இருந்துகொள்ளலாம் என்றேன். அம்மா திடுக்கிட்டுப்போனாள்.

"ஒன் தண்ணிய நான் குடிக்கிறதா? யாரு பெத்த பிள்ளையோ, எனக்காக நாக்கு வறளணுமா? வேணாம் தாயி. நான் உறங்கிட்டா ஒனக்கும் பாரம் இல்ல, எனக்கும் நாள் ஓடிரும். எந்திரிக்கிறப்ப எங்க மக வந்திருக்கும்."

அப்போதுதான் சொன்னேன். "அம்மா, நான்தான் பூமயில்."

உண்மையைச் சொன்னால் ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மா என்னைப் பார்த்தாள். அவ்வளவு இரக்கமாக யாரும் என்னைப் பார்த்ததில்லை. என் தலையை ஒரு தடவை தடவிவிட்டாள்.

"சரி தாயி," என்றாள். "ஒனக்கு நல்ல மனசு. கிழவி ஏங்குறாளேன்னு சொல்ற. நீயும் எனக்கு மக மாதிரிதான்."

மகள் மாதிரி ஆனவளின் தண்ணீரை அவள் தொடமாட்டாள். மகளின் தண்ணீர் என்றால் உரிமையோடு பிடுங்கிக் குடிப்பாள். அந்த வித்தியாசத்தில் அவள் உயிரோ நினைவோ போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் யோசித்தும் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அது சரியா என்று மேடத்திடம் கேட்கலாம் என நினைத்தேன். கேட்கவில்லை.

கிழங்கு கொடுக்கும் நாள் காலையில், வெளியே போய்விட்டு வந்தவள்போல் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"அம்மா, பூமயில் சொல்லி அனுப்பிருக்கு. வைகாசிக்குள்ள வந்துருமாம். அதோட பங்குத் தண்ணியையும் ஒங்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஆபீசுல எழுதிக் கொடுத்திருக்கு."

உறங்கப்போவதற்கென்று எடுத்து வைத்திருந்த பழைய சேலையை அம்மா கீழே வைத்தாள்.

"வைகாசியிலயா? நான் உறங்கிக் கிடந்தா, வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிருமே."

"அதான் முழிச்சிருக்கச் சொல்லுச்சு."

"அது சொன்னா சரி," என்றாள் அம்மா.

அன்று உறக்கச்சாலை வாசலில் ஊரே வரிசையில் நின்றது. நகருங்கண்ணே, முன்னால போ தம்பி, பிடிச்சுக்க அத்தை என்று ஒரே பேச்சு. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறை. இதில் யாருக்கு யார் உண்மையில் தெரிந்தவர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கிண்ணம் நீட்டிய ஒரு பெரியவரிடம் மட்டும் மெல்லச் சொன்னேன், இது முகத்தை மறக்கடிக்கும் தாத்தா என்று. அவர் கிழங்கை ஊதி வாயில் போட்டுக்கொண்டார்.

"எனக்கு யாரு இருக்கா தாயி, மறக்கிறதுக்கு," என்றார். பிறகு மென்றுகொண்டே, "உப்புப் பத்தல," என்றார்.

அதற்குமேல் யாரிடமும் சொல்லவில்லை. நடு வரிசையில் நின்று கத்தியிருக்க வேண்டுமோ என்னவோ. தவசியாண்டி சார் கூடத்தின் மறுகோடியில் பாய்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய மனைவி அந்த வருடம் வரிசையில் இல்லை.

கோடை எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக வந்தது. கூடத்தில் ஊர் உறங்கியது. குடத்தில் பாதிக்குமேல் அம்மாவுக்கு ஊற்றினேன். அது அவள் மகள் பங்கு என்பதால் குடித்தாள். உதடு வெடித்து, மாலைக் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினேன். மேடம் சொன்னபடி முகம் இலை என்றால், கிழங்கு உயிரோடு இருக்கும்வரை இலை திரும்ப வரலாம். வராமலும் போகலாம். மாற்றிய ரகத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன்: வைகாசி வந்தது, போனது. தினமும் பொழுது சாயும்போது வாசலில் என் நிழல் ஆடியதும் அம்மா எழுந்து வருவாள். முகத்தை உற்றுப் பார்ப்பாள். "நீயா தாயி," என்பாள். உள்ளே போய்விடுவாள்.

ஆனியில் ஒருநாள் நான் தள்ளாடி விழுந்தேன். மயக்கம்தான். கண் திறந்தபோது தலை அம்மாவின் மடியில் இருந்தது. முந்தானையை நனைத்து என் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குடத்தின் அடியில் இருந்த கடைசித் தண்ணீர் அது.

"எங்க மகளுக்காக நீ இங்கன கிடந்து காயிற," என்றாள். "ஒன் ஆத்தா ஒன்னையத் தேடாதா தாயி?"

"தேடிக்கிட்டேதான் இருக்காங்கம்மா."

அம்மாவின் கை நின்றது. வாசலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துரு," என்றாள். "பெத்தவளுக்கு அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் எங்கேயும் போகமாட்டேன்."